பேனா நின்ற பாத்தி

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குக் காசிலிங்கத்தின் சட்டைப் பையில் இருந்த பேனா, பதினொன்றே காலுக்கு இல்லை. இடைப்பட்ட முக்கால் மணி நேரத்தில் முப்பத்தெட்டு நிமிஷம் அவர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். மிச்சம் ஏழு நிமிஷத்தில்தான் களவு போயிருக்க வேண்டும்.

அந்த ஏழு நிமிஷத்தை அவர் மனதுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்தார். வருஷத்தின் முதல் உப்பு வாருவதற்கான பூஜை. மரக்காணம் கிழக்கு உப்பளத்தார் நலச் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் பதினோரு வருஷமாக அது அவருடைய பாத்தியில்தான் நடக்கிறது. கற்பூரம் காட்டினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கி, உப்பு வாரும் பலகையைப் பிடித்துக் குனிந்தார். போட்டோக்காரர் இன்னும் கொஞ்சம் குனியச் சொன்னார். குனிந்தார். கரையேறியதும் ஏழெட்டுப் பேர் சால்வை போட்டார்கள், இரண்டு பேர் கட்டிப் பிடித்தார்கள். அந்த இரண்டு பேர் மீதும் அவருக்கு உடனே சந்தேகம் வந்தது. சங்கத்தில் காரணம் இல்லாமல் யாரும் அவரைக் கட்டிப் பிடிப்பதில்லை.

கருநீல உடம்பு, வால் பக்கம் ஒரு தங்க வளையம், மூடியில் தடித்த கிளிப். இருபது வருஷத்துக்கு முன்பு உப்பளக் குத்தகை முடிந்து, நிலம் கையை விட்டுப் போகப்போகிறது என்று எல்லாரும் பயந்திருந்த சமயத்தில், காசிலிங்கம் ஆங்கிலத்தில் பேசிய பேச்சைக் கேட்டு ஓர் அதிகாரி மனம் மாறினார். குத்தகையை நீட்டிக் கையெழுத்துப் போட்டார். போட்ட பேனாவையும் காசிலிங்கத்தின் பையில் செருகிவிட்டுப் போனார். இது காசிலிங்கம் சொல்லும் வரலாறு. முதன்முதலில் சொன்னபோது அந்த அதிகாரி தாசில்தாராக இருந்தார். காசிலிங்கம் சங்கத் தலைவரான வருஷம் அவர் கலெக்டர் ஆனார். இப்போது டெல்லியில் செயலாளர். அத்தனை வேகமாகப் பதவி உயர்வு பெற்றவர் அரசாங்கத்தில் வேறு யாரும் இல்லை.

நடந்தது வேறு. குயிலாப்பாளையத்தில், ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகும் சாமான்களை விற்கும் கடை ஒன்றில் காசிலிங்கம் ஒரு மழைக்கோட்டு வாங்கினார். பேனா அதன் உள்பையில் கிடந்தது. வளையத்துக்குக் கீழே, உடம்பின் நீளத்துக்கு, சாய்வான எழுத்தில் ஒரு வரி பொறித்திருந்தது. அதைப் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவரிடம் காட்டினார். பெரியவர் படித்தார். காசிலிங்கத்தை ஏற இறங்கப் பார்த்தார். "ஓதீலுக்கு, ஆயிரம் முத்தங்கள்," என்று அர்த்தம் சொன்னார்.

அன்றிலிருந்து காசிலிங்கம் பேனாவைக் கையில் எடுத்தால் அவருடைய கட்டைவிரல் அந்த வரியின் மேல்தான் இருக்கும். டெல்லிச் செயலாளர் ஒருவர் குத்தகையோடு ஆயிரம் முத்தங்களையும் ஏன் கொடுத்தார் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு அவரிடம் வரலாறு இல்லை.

பேனா போனது ஒரு கவலை. எடுத்தவன் அதைப் படித்துவிடுவானோ என்பது அதைவிடப் பெரிய கவலை. இரண்டுக்கும் மேலே வெள்ளிக்கிழமை இருந்தது. குத்தகை நீட்டிப்பில் கையெழுத்துப் போடப் புது சப் கலெக்டர் சங்கக் கட்டடத்துக்கு வருகிறார். பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. ஒரு பக்கம் காசிலிங்கம், மறு பக்கம் அவர் உயரத்துக்கே பேனா, நடுவில் ஸ்டாம்பு அளவில் சப் கலெக்டர். கீழே, 'வரலாறு படைத்த பேனா மீண்டும் வரலாறு படைக்கிறது'.

செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனுக்குப் போனார். புகார் எழுதும் ரைட்டர் மரியாதையாக நாற்காலி போட்டார்.

"என்னா கலருங்க?"

"கருநீலம்."

"கம்பெனி?"

"வெளிநாடு."

"சரிங்க. அடையாளம்? பேரு கீரு ஏதாவது பொறிச்சிருக்குதா?"

காசிலிங்கம் தண்ணீர் கேட்டார். குடித்தார். "அப்படி ஒண்ணும் இல்லீங்க," என்றார்.

"அடையாளம் இல்லாத பேனாவை எப்படிங்க தேடுறது? கிடைச்சா உங்களுதுதான்னு எப்படி ஒப்புக்குவாங்க? கோர்ட்ல கேப்பாங்க."

"கோர்ட்டுக்குப் போவுமா?"

"திருட்டுன்னு எழுதினா போவும். கைப்பத்தின பொருள் மேல என்னா இருக்குதோ அதை ஒரு எழுத்து விடாம எழுதுவோம். சாட்சிக்குப் படிச்சும் காட்டுவோம்."

காசிலிங்கம் எழுந்தார். "வீட்லயே ஒரு தடவை தேடிட்டு வந்துடுறேன்," என்றார்.

வீட்டில் தேட வேண்டியதில்லை. அவருடைய மனைவி சூர்யகலா முதல் நாளே அரிசி டப்பா வரைக்கும் கொட்டிப் பார்த்திருந்தாள்.

"போனா போவுது விடுங்க. ஆமா, அதுல என்னாமோ எழுதியிருக்குமே. இருவது வருஷமா கேக்குறேன், என்னான்னு சொல்ல மாட்டேங்குறீங்க."

"அரசாங்க ரகசியம்னு சொன்னேன்ல."

"இப்பதான் அரசாங்கத்துகிட்டயும் இல்ல, உங்ககிட்டயும் இல்லியே. இப்பவாவது சொல்லுங்க."

அன்று அவர் மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டார்.

புதன்கிழமை காலை சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் தட்சணாமூர்த்தி ஓர் அறிவிப்புப் போட்டார். தலைவர் பதவிக்கு மூன்று முறை நின்று மூன்று முறையும் தோற்றவர் தட்சணாமூர்த்தி. அதனால் காசிலிங்கத்திடம் மிகவும் பணிவாக இருப்பார். அறிவிப்பும் பணிவாகத்தான் இருந்தது. 'நம் தலைவரின் உயிரினும் மேலான பேனா களவு போயிற்று. கண்டெடுப்பவர்கள் பேனாவில் பொறித்துள்ள எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுத்துக் குழுவில் பதிவிடவும்.'

காசிலிங்கம் உடனே போன் போட்டார்.

"ஏம்பா மூர்த்தி, எழுத்து இருக்குதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"நான் பாத்திருக்கேன் தலைவரே. உங்க கட்டைவிரலுக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். நடுவுல என்னா இருக்குதுன்னுதான் தெரியல."

"அதை அழிச்சிடு."

"எதுக்குங்க? இருநூத்திப் பதினாலு பேரும் பாத்துட்டாங்க. ஊரே தேடுது."

ஊர் தேடியது. ஊருக்கு வேறு பேனாக்கள் கிடைத்தன. குழுவில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன: மூடியில்லாத ரீஃபில் பேனா, கல்யாண வீட்டில் கொடுத்த பேனா, பேங்கில் நூலால் கட்டியிருக்கும் பேனா நூலோடு. போன் டிங் என்று ஒலிக்கும்போதெல்லாம் காசிலிங்கம் துள்ளி எழுவார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு திறந்து பார்ப்பார். ஓதீல் இல்லை. மூச்சு விடுவார். விட்ட மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் அடுத்த டிங்.

ஓதீல் யார் என்று இருபது வருஷமாக அவர் யோசித்ததே இல்லை. இப்போது யோசித்தார். அவள் நிம்மதியாக எங்கோ இருப்பாள். முத்தம் கொடுத்தவனும் நிம்மதியாக இருப்பான். நடுவில் மரக்காணத்தில் ஒருவன் மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு செத்துக்கொண்டிருக்கிறான்.

வியாழக்கிழமை மத்தியானம் தட்சணாமூர்த்தி மறுபடி கூப்பிட்டார்.

"தலைவரே, உங்க பாத்தியில மட்டும் உப்பு கல்கண்டு மாதிரி எறங்கியிருக்குதாமே. திரௌபதிக்குப் புது டிகிரி குழாய் வாங்கிக் குடுத்துட்டீங்களா? சொல்லவே இல்லியே."

டிகிரி குழாய் என்பது தண்ணீரின் கனம் பார்க்கும் கண்ணாடிக் குழாய். கடல் தண்ணீர் வெயிலில் காய்ந்து காய்ந்து கனமாகும். குழாயைத் தண்ணீரில் விட்டால், கனத்துக்குத் தகுந்தபடி மேலெழுந்து மிதக்கும். அதில் இருபத்துநாலு காட்டினால் உப்பு இறங்கும் பாத்திக்குத் தண்ணீர் விடலாம். அதற்கு முன்னால் விட்டால் உப்பு பொடியாகப் போகும். ரொம்பத் தாமதித்தால் தண்ணீர் கசக்கும். காசிலிங்கத்தின் பாத்திகளைப் பார்த்துக்கொள்ளும் திரௌபதியின் குழாய் போன ஆவணியிலேயே உடைந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் விரலால் தேய்த்து, நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் தண்ணீர் விடுகிறாள். காசிலிங்கம் புதுக் குழாய் எதுவும் வாங்கித் தரவில்லை.

பிறகு எதை வைத்துப் பார்க்கிறாள்?

போட்டோவுக்காக இன்னும் கொஞ்சம் குனிந்த அந்த நொடி அவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு உப்பளத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

வெயில் பாத்திகளில் பட்டுக் கண்ணைக் குத்தியது. வரப்பின் மேல் அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவதைத் திரௌபதி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். நிமிரவில்லை. அவள் கையில் ஒரு குச்சி, குச்சியின் நுனியில் நூல், நூலின் நுனியில் ஏதோ ஒன்று தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது. கருநீலம். மேலே தங்க வளையம் வெயிலில் மின்னியது.

"என்னா பண்ற?" என்றார் காசிலிங்கம். குரல் கீச்சென்று வந்தது.

"தண்ணி பாக்குறேங்க."

"அது என் பேனா."

"தெரியுங்க. ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஃப்ளெக்ஸ்ல கூட பாத்தேன்."

"திருடினியா?"

"எடுத்தேங்க. நீங்க போட்டோவுக்குக் குனிஞ்சப்ப தண்ணியில விழுந்துச்சு. குடுத்துடலாம்னுதான் கைய விட்டேன். பாத்தா அது முழுவல, நிமிந்துகினு நிக்குது. உள்ள மை கிய் ஒண்ணும் இல்ல போல, காலியாத்தான் இருந்துச்சு. சரின்னு பக்கத்துல இளந்தண்ணியில விட்டுப் பாத்தேன், பொட்டுன்னு முழுவிடுச்சு. கனத்த தண்ணியில விட்டா நிக்குது. அப்புறம் எப்படிங்க குடுக்க மனசு வரும்?"

"நாலு நாளா ஊரே தேடுது."

"நான் ஆறு மாசமா குழாய் கேக்குறேனே. ஆவணியில உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னேன். ஒரு வாரத்துல வந்துடும், லெட்டர் எழுதுறேன்னு சொல்லி, இந்தப் பேனாவைத்தான் தட்டிக் காட்டினீங்க. எழுதல. எழுதாத பேனா வேற வேலையாவது செய்யட்டுமேன்னு எடுத்துகினேன்."

காசிலிங்கம் சுற்றும் முற்றும் பார்த்தார். பக்கத்துப் பாத்திகளில் பெண்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தினார். அவருக்கு நிஜமாகத் தெரிய வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது.

"அதுல... எழுத்து ஏதோ இருக்குமே. யாராவது பாத்தாங்களா?"

"எல்லாரும்தாங்க பாத்தாங்க. பக்கத்துப் பாத்தி குப்பம்மாள் கூட ரெண்டு தடவை வாங்கிட்டுப் போனா."

"பாத்து?"

"பாத்துத்தானே தண்ணி விடுறோம். அது டிகிரிதானேங்க? கண்ணாடிக் குழாயிலயும் இங்கிலீசுலதான் போட்டிருந்துச்சு. வளையம் மேல வந்தா கிட்ட வந்துடுச்சுன்னு அர்த்தம். இந்த மொத நாலஞ்சு எழுத்து வெளிய தெரிஞ்சா பாத்திக்கு விட்டுடலாம். இந்தக் கடைசி எழுத்து வரைக்கும் தெரிஞ்சா போச்சு, தண்ணி கசந்துடும், வடிச்சு விட்டுடுவேன்."

காசிலிங்கம் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஓதீல் தெரிந்தால் உப்பு. முத்தம் தெரிந்தால் கசப்பு. நான்கு நாளில் முதல் தடவையாக அவருக்கு முழு மூச்சு வந்தது. உப்பளம் முழுக்கப் படித்திருக்கிறது, ஒருவருக்கும் தெரியாது.

"சரி, குடு."

"குழாய் குடுங்க."

"நாளைக்கு சப் கலெக்டர் வர்றாங்க திரௌபதி. இதுலதான் கையெழுத்து."

"அவங்களுக்கு நாளைக்கு ஒரு நாளுங்க. எனக்கு மழை வர்ற வரைக்கும் வேணும். எங்க எல்லாருக்குமே வேணும். சரி, எனக்கு ஒண்ணாவது குடுங்க."

அவர் திரும்பிச் சங்கக் கட்டடத்துக்கு நடந்தார். குழாய் வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போக வேண்டியதில்லை. சங்க அலமாரியில் ஒரு பெட்டி இருந்தது. உப்பளத் தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கச் சொல்லி அரசாங்கம் அனுப்பி இரண்டு வருஷம் ஆகிறது. கொடுப்பதற்கு ஒரு விழா வேண்டும், விழாவுக்கு ஒரு மந்திரி வேண்டும் என்று அவர் காத்திருந்தார். மந்திரிகளுக்குத்தான் நேரம் அமையவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு குழாயை மட்டும் எடுத்து வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டு வந்தார். சொந்தச் சங்கத்திலிருந்து சொந்தச் சாவியால் திறந்து எடுத்ததற்கு, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வழியெல்லாம் பயந்தார்.

திரௌபதி குழாயைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்துப் படித்தாள். "பன்னெண்டுல ஒண்ணுன்னு போட்டிருக்குதே."

"அது கம்பெனி நம்பர்."

"ஓ," என்றாள் திரௌபதி. குழாயையும் பேனாவையும் பக்கத்தில் பக்கத்தில் மிதக்கவிட்டு, குழாயில் இருபத்துநாலு காட்டும்போது பேனாவில் எத்தனை எழுத்து தெரிகிறது என்று பார்த்தாள். திருப்தியாகத் தலையை ஆட்டினாள். நூலை அவிழ்த்துப் பேனாவைக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து காசிலிங்கம் பேனாவைக் கழுவினார். நாலு நாள் உப்புத் தண்ணீரில் நின்றதில் மூடி திறப்பதற்கே இடுக்கி தேவைப்பட்டது. உள்ளே நிப்பைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. சூடு தண்ணீரில் ஊறவைத்து மை நிரப்பினார். பழைய பேப்பரில் கோடு இழுத்தார். மூன்றாவது இழுப்பில் கொஞ்சம் நீலம் வந்தது. அது போதும் என்று முடிவு செய்தார். ஒரு கையெழுத்துத்தானே.

கூட்டம் நன்றாகவே கூடியிருந்தது. முதல் வரிசையில் சூர்யகலா பட்டுப்புடவையில். பின்னால் உப்பளத்துப் பெண்கள், வேலையிலிருந்து அப்படியே வந்தவர்கள். சப் கலெக்டருக்கு முப்பது வயது கூட இருக்காது. பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். காசிலிங்கம் இருபத்தைந்து நிமிஷம் வரலாறு பேசினார். டெல்லிச் செயலாளர் அன்றைக்குக் கொஞ்சம் அழவும் செய்தார். பிறகு கட்டைவிரல் நகராமல் பேனாவை நீட்டினார்.

வாங்கும்போது விரல் நகரத்தான் வேண்டியிருந்தது.

சப் கலெக்டர் மூடியைத் திருகினார், எழுதினார். பேனா எழுதவில்லை. உதறினார். ஆணையின் மேல் ஓர் உப்புக்கல் விழுந்தது. அதை விரலால் ஒதுக்கிவிட்டு மறுபடி எழுதிப் பார்த்தார். பிறகு என்ன கோளாறு என்று பேனாவைத் திருப்பினார்.

"ஏதோ பொறிச்சிருக்கே. பிரெஞ்சா?" என்றார் சப் கலெக்டர். "காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சேன். ஓதீல்..."

"மைக்ல படிங்க மேடம்," என்றார் தட்சணாமூர்த்தி. மைக்கை அவர் வாயருகே கொண்டுபோயும் வைத்தார். "எங்க எல்லாருக்கும் ரொம்ப நாள் ஆசை."

சூர்யகலா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். சப் கலெக்டர் வரியை உதட்டுக்குள் படித்து முடித்தார். காசிலிங்கத்தைப் பார்த்தார். காசிலிங்கம் தரையைப் பார்த்தார். தரை உதவவில்லை.

"அது டிகிரிங்க," என்று பின்னாலிருந்து திரௌபதியின் குரல் வந்தது. "தண்ணி பாக்குற அளவு. அந்த எழுத்தை வச்சுத்தாங்க நாங்க பாத்திக்குத் தண்ணி விடுறோம்."

"ஆமாங்க, நானும் பாத்தேன்," என்றாள் குப்பம்மாள்.

சப் கலெக்டர் காசிலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "அப்படியா தலைவரே?"

ஒரு பக்கம் ஆயிரம் முத்தங்கள் இருந்தன. மறு பக்கம், இருபது வருஷம் வளர்த்த வரலாறு. காசிலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"ஆமாங்க மேடம். டிகிரிதான். தண்ணி பாக்குறதுக்குன்னே டெல்லியில செஞ்சது."

"அப்போ இது எழுதுற பேனாவே இல்லை."

"இல்லீங்க."

"யாருக்கு உபயோகமோ அவங்ககிட்டயே இருக்கட்டும்," என்று சொல்லி, சப் கலெக்டர் திரௌபதியை மேடைக்குக் கூப்பிட்டார். பேனாவை அவள் கையில் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். காசிலிங்கமும் தட்ட வேண்டியிருந்தது. போட்டோக்காரர் அவரைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னார். குத்தகையில் சப் கலெக்டர் தன்னுடைய பால்பாயிண்ட் பேனாவால் கையெழுத்துப் போட்டார். அது ஒரே இழுப்பில் எழுதியது.

எல்லாரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திரௌபதி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தலைவரே, மிச்சம் பதினோரு குழாய் அலமாரியில இருக்குதுங்களே."

"அது மந்திரி வர்றப்ப, விழா வச்சு..."

"ஓதீலு யாருங்க?"

காசிலிங்கத்தின் வாயில் இருந்த கேசரி அங்கேயே நின்றது.

"எம்பொண்ணு கலைமதி அன்னிக்கே போனைக் காட்டிப் படிச்சுட்டாங்க. அது தமிழ்லயே சொல்லிடுதாம். ஆயிரம்னு போட்டிருக்குதாமே." அவள் குரல் உயரவில்லை. "குப்பம்மாளுக்குத் தெரியாது. அவ நெசமாவே டிகிரின்னுதான் நினைக்கிறா."

பத்தடி தூரத்தில் சூர்யகலா சப் கலெக்டரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. காசிலிங்கம் மடியில் கையை விட்டுச் சாவியை எடுத்தார்.

அன்று மூன்று மணிக்குப் பதினோரு குழாய்களும் விநியோகம் ஆயின. ஃப்ளெக்ஸ் இல்லை, சால்வை இல்லை, மைக் இல்லை. தலைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. பெண்கள் குழாயை முந்தானையில் சுற்றிக்கொண்டு பாத்திக்குத் திரும்பினார்கள்.

அலமாரியைப் பூட்டிவிட்டு அவர் வெளியே வந்தபோது திரௌபதி கடைசியாகப் போய்க்கொண்டிருந்தாள். பின்னாலேயே போனார்.

"திரௌபதி. உம் பொண்ணு அதைப் படிச்சப்ப, போட்டோ கீட்டோ எடுத்து வச்சிருக்காளா?"

"இருக்குதுங்க."

"அழிச்சிடச் சொல்லும்மா."

"சொல்றேங்க," என்றாள் திரௌபதி. "ஒரு வாரத்துல அழிச்சிடுவா."

அவள் வரப்பில் ஏறி நடந்தாள். காசிலிங்கத்தின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அங்கே போன்தான் இருந்தது. அது டிங் என்றது.